கம்பி தெரியாது

எடையைத்தான் முதலில் கேட்டாள் செரின்.
எண்பத்து நாலு என்றேன்.
ஆறு லிட்டர் பெட்ரோலைக் குறைக்கச் சொல்லிப்
பையனுக்குக் கைகாட்டினாள்.
ஐம்பத்தொரு வயதில் என்னைப்
பெட்ரோலில் கழித்தது அதுதான் முதல்முறை.

காடையாம்பட்டிக்கு மேற்கே
சோளம் அறுத்த காட்டில் ஓடுதளம்.
ஒரு முனையில் காற்றுப்பை,
மறுமுனையில் யாரோ கட்டிவிட்டுப் போன ஆடு.
விமானம் என்று சொன்னால் வீட்டில் நம்பவில்லை.
பெரிய பட்டம் ஒன்று, அதில் தொங்கும் மூன்று சக்கர வண்டி,
முதுகுக்குப் பின்னால் விசிறி.
"ரைஸ்மில் மோட்டாரைக் கட்டிக்கிட்டா போறீங்க"
என்றாள் சாந்தாமணி.

முப்பது வருஷம் பைக் ஓட்டிய கை
முதல் நாளே காட்டிக்கொடுத்தது.
இங்கே பாரை வலப்பக்கம் தள்ளினால்
வண்டி இடப்பக்கம் திரும்பும்.
முன்னே தள்ளினால் மூக்கு தூக்கும்,
மார்போடு இழுத்தால் விரைந்து இறங்கும்.
"நீங்க அதைத் திருப்பல சார்,
உங்களைத்தான் நகத்துறீங்க."
சொல்லிவிட்டு இருமல் மிட்டாயைக்
கன்னம் மாற்றினாள்.

ஒன்பதாவது பாடம். தை மாசம், காலை ஆறே முக்கால்.
சேர்வராயன் மலை
பாதிக்கு மேல் இல்லை.
ஜவ்வரிசி ஆலைக் களத்தில்
நேற்றையது குவியலாகத் தார்பாயின் அடியில்.
தெற்கே, சேலம் பக்கம், வெள்ளைக்கல் குழிகள்.
லோக்கூர் வளைவில் ஒரு ரயில்
நான் பார்ப்பது தெரியாமல் போனது.

அதற்கு இப்பால் என் செக்‌ஷன்.
பதினொன்று கே.வி. லைனைத் தேடினேன்.
இல்லை.
முப்பது வருஷம் அண்ணாந்து பார்த்த கம்பி,
வானத்தைக் கோடு போட்டு எனக்குக் கொடுத்த கம்பி
மேலேயிருந்து பார்த்தால்
மண்ணோடு மண்.
"கம்பியைத் தேடாதீங்க, கம்பத்தைத் தேடுங்க.
ரெண்டு கம்பம் இருந்தா
நடுவுல கம்பி இருக்குன்னு வெச்சுக்குங்க."
லைன் இன்ஸ்பெக்டருக்குச் சொல்கிறாள்.

பிறகு, சொல்லாமல் கொள்ளாமல்,
த்ராட்டிலை முழுக்கக் குறைத்தாள்.
"இன்ஜின் போச்சு சார். எங்க இறங்குவீங்க?"

முனகலுக்கு அடியில் காற்று.
குச்சிக்கிழங்குக் காடு, தென்னந்தோப்பு, கிணறு,
மறுபடி குச்சிக்கிழங்கு.
அந்த உழுத காடு? என்றாள்.
நீளம் இருக்கு. காத்துக்கு நேரா இருக்கு. கம்பமும் இல்ல.

வேண்டாம் என்றேன்.

புளியமரத்துக்குள்ளே ஒரு கம்பம் இருக்கு.
அங்கேயிருந்து கிணத்து மோட்டாருக்கு
சர்வீஸ் குறுக்கே போகுது.

மேலேயிருந்து மரம் மட்டும்தான்.
வட்டமாய், பச்சையாய்,
ஒன்றும் தெரியாதது போல.

எப்படித் தெரியும் என்று கேட்டாள்.
நான் போட்ட லைன் என்றேன். பொய்யில்லை.
சடையாண்டியை அதிலிருந்து இறக்கியதும் நான்தான் என்பதை
ஹெல்மெட் மைக்கில் சொல்லவில்லை.
வைகாசி முகூர்த்த நாள்.
நாங்கள் லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறினோம்.
தெரு தாண்டிய மண்டபத்து ஜெனரேட்டருக்கு
அது தெரியாது.

கை தானாக வலப்பக்கம் தள்ளியது.
வண்டி இடப்பக்கம் சாய்ந்தது.
யோசிக்காமல் சரியாகச் செய்தது அன்றுதான்.
எள் அறுத்த துண்டுக்காடு ஒன்று
எங்களை நோக்கி ஏறி வந்தது,
கட்டிகள் தனித்தனியாகத் தெரியும்வரை.
"போதும் சார். மேல போங்க" என்று
இன்ஜினைத் திருப்பித் தந்தாள்.

லாக்புக்கில் நாற்பது நிமிடம் என்று எழுதினாள்.
குறிப்பு: இடத்தேர்வு நன்று.

பத்து மணிக்கு டேனிஷ்பேட்டை ஃபீடர் ட்ரிப்.
கம்பத்தடியில் ரூபன் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான்.
எர்த் ராடு போட்டாச்சா என்றேன்.
போட்டாச்சு சார்.
ரெண்டு பக்கமும்?
ரெண்டு பக்கமும்.
பக்கத்தில் ஜெனரேட்டர் ஏதாவது?
இல்ல சார், பார்த்தாச்சு.
எர்த் ராடு போட்டாச்சா என்றேன்.
சிரித்தான்.
சிரிக்கட்டும்.