சந்தேகத்துக்கு இடமாக

ரைட்டர் குனிந்து எழுதுகிறார்:
நள்ளிரவு 1.20 மணியளவில்
கல்மண்டபம் அருகே
சந்தேகத்துக்கு இடமாகச் சுற்றித் திரிந்த
தேசப்பன், வயது 23.

மேசைக்கு இந்தப் பக்கமிருந்து
'திரிந்த' தலைகீழாகத் தெரிகிறது.

எட்டாவதில் தமிழ் மிஸ் சொன்னார்:
கல்லும் மண்டபமும் சேர்ந்தால்
கன்மண்டபம் என்று திரியணுமாம்.
இன்றுவரை ஒரு கண்டக்டரும்
திரித்துச் சொல்லிக் கேட்டதில்லை.
எனக்குத்தான் ஒரு மார்க் போச்சு.

"வூடு எங்கடா?"
"பனைமரத்தொட்டி சார்."
"அப்போ ரோட்ல இன்னா பண்ற?"
"சும்மா சார்."
"சும்மான்னா?"

சும்மான்னா,
ஒரே ரூமு. பத்துக்குப் பன்னெண்டு.
போன புதன்கிழமை அண்ணனுக்குக் கல்யாணம்.
சாப்பிட்டு முடித்ததும்
அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு
கோமளா அக்கா மாடிக்குப் போகிறாள்,
"உள்ள ஒரே புழுக்கம்" என்று
யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு.
மின்விசிறி நன்றாகத்தான் சுற்றுகிறது.
நான் செருப்பைத் தேடுகிறேன்.
அண்ணி மட்டும்
ஸ்டவ்வில் திரியைத் தூண்டி
ஒரு டீ போட்டு நீட்டுவாள், முகம் பார்க்காமல்.
நேற்று பால் திரிந்துபோனது.
பாலுக்காகவா அழுதாள், தெரியவில்லை.

அப்புறம் எம்.சி. ரோடு.
மூடிய ஷட்டர்களை எண்ணிக்கொண்டே போவேன்.
நூற்றுப் பதினாறுக்குமேல் எப்போதும் தப்பிவிடும்.
சிமெட்ரி ரோட்டில் கொஞ்சம் வேகமாக,
மேம்பாலத்தில் ரொம்ப மெதுவாக.
நாய்கள் மூன்றாம் நாளே குரைப்பதை விட்டுவிட்டன.
மூணு மணிக்குக் காசிமேட்டில்
ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டால்
இன்னும் ரெண்டு மணி நேரம்தான்.

"கயிறு திரிக்காத" என்கிறார் ஏட்டு.
நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"சரி, வூட்டுக்குப் போன் போடு.
யார்னா வந்து கையெழுத்து போட்டு
இட்டுனு போவட்டும்."

பாக்கெட்டில் போன் சூடாக இருக்கிறது.
முதல் நம்பரே அண்ணனுடையது.
சுவரில் மணி 1.50.
இப்போது அங்கே
விளக்கு அணைந்திருக்கும்.
ஒருவேளை அவள் சிரித்துக்கூட இருப்பாள்.

"யாரும் இல்ல சார்."
"அப்பா? அண்ணன் தம்பி?"
"யாருமே இல்ல சார்."

ரைட்டர் ஒரு வரி சேர்க்கிறார்.
அதையும் நான் படிக்கவில்லை.

சந்தேகத்துக்கே இடம் இருக்கும்போது
எனக்கும் ஒன்று காட்டினார்கள்:
லாக்கப்புக்கு வெளியே மர பெஞ்சு,
ஒரு கால் குட்டை.
எட்டு ராத்திரிக்குப் பிறகு
முதுகைச் சாய்த்தேன்.
ஐஸ் உடைத்தார்களா,
கேட்கவில்லை.