மைனஸ் எண்பது

இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் தந்திருக்கின்றன.
இன்றிரவு பன்னிரண்டு மணிக்குள்
ஒன்றுக்கு இல்லையென்று எழுத வேண்டும்.
டுலூத்தில் ஏரி இன்னும் முழுதாக உருகவில்லை.

கடலோரப் பல்கலைக்கழகத்தில்
பேராசிரியர் என் பெயரைச் சரியாக உச்சரித்தார்: ஸிக்னே.
புரதம் மடியும் விதத்தைக்
கைக்குட்டையை மடித்துக் காட்டினார்.
ஒயின் இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அலை.
அவருடைய மாணவர்கள் ஒரே வாக்கியத்தை
ஆளுக்கொரு முறை சிரித்தபடி சொன்னார்கள்:
"இங்கே எல்லோரும் ஒரு குடும்பம்."

கழிவறைக்கு வழி தவறி
மைனஸ் எண்பது ஃப்ரீசர்கள் உறுமும் நடைக்கூடத்தில் நின்றேன்.
ஒரு கதவில்,
மூன்றாம் தட்டு மார்கிட்,
நான்காம் தட்டு டெஷான்.
இருவரையும் யாரும் எனக்கு அறிமுகப்படுத்தவில்லை.
"போய்விட்டார்கள்" என்றான்
ஐஸ் வாளியோடு வந்தவன்.
"முடித்துவிட்டா?"
வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

ஐயோவாவில் பீட்சா, அதுவும் ஆறியது.
வாடகை போக மாதம் நானூறு டாலர் மிஞ்சும்.
யூனிஸ், ஐந்தாம் ஆண்டு,
பாழாய்ப்போன பதினோரு ஜெல்களின் படங்களைச்
சுவரில் ஒட்டியிருந்தாள், தேதி போட்டு.
பன்னிரண்டாவது எங்கே என்றேன்.
"ஓடிக்கொண்டிருக்கிறது, வா."
நின்றபடியே பார்த்தோம்
நீலச் சாயம் இறங்குவதை,
இறங்குகிறதா என்றே தெரியாத வேகத்தில்.

பனி வாரும் லாரியை நிறுத்திவிட்டு வந்த அம்மா
கையுறையைக் கழற்றாமல் கேட்கிறாள்,
"எதற்குப் பேர் பெரிசு?"
சொல்கிறேன்.
"அப்புறம் என்ன யோசனை?"

பதினொன்று நாற்பது.
பேராசிரியருக்கான கடிதத்தில்
கைக்குட்டையைப் பற்றி ஒரு வரி எழுதி,
அழித்து,
அனுப்புகிறேன்.

யூனிஸிடம் இன்னும் கேட்கவில்லை,
அந்தப் பன்னிரண்டாவது என்ன ஆயிற்றென்று.