அறைக்குள் ஒரு புள்ளி

சிப்காட் வாசல். மதிய ஷிப்ட்டுக்குப் பத்து நிமிடம்.
சைக்கிள் ஸ்டாண்டு ஓர நெருஞ்சியில்
மண்டியிட்டிருக்கிறேன்.

"எதைத் தொலைச்சீங்க மேடம்?"
காவலாளி மரியசூசை.

புள்ளியை, என்றேன்.
முன்சிறகின் அடிப்பக்கம், நடு அறைக்குள்
ஒரு கரும்புள்ளி இருந்தால் இது கரும் புல்நீலன்.
இல்லையென்றால் அதன் பங்காளி.
சட்டைப் பொத்தான் அளவுதான்.
மூடினால் தெரியும்;
மூடுவதற்குள்
உப்பனாற்றுக் காற்று புரட்டிவிடுகிறது.

போன மாதம் இங்கேதான்
உப்புத்தூள் போல் முட்டை.
பிறகு இலைக்குள் இலையாய்ப் பச்சைப்புழு,
சுற்றி நான்கு எறும்புகள், இரவும் பகலும்,
அதன் முதுகில் சுரக்கும் ஒரு சொட்டுக்காக.

"அதுங்களுக்கு அன்னன்னிக்கே கூலி"
என்று குனிந்தார்.

சங்கு ஊதிவிட்டது.
முகக்கவசத்தை மாட்டியபடி ஓடுகிறேன்.

பின்னாலிருந்து குரல்:
"மேடம், இருக்கு! உள்ள ஒண்ணு இருக்கு!"