வெறும் வயிற்றில்

டான்டெனாங் தெற்கு. ரொட்டி ஆலை.
மூன்று இருபதுக்கு இடைவேளை.
தலைவலையைக் கழற்றாமலே கேட்கிறாள் ஸர்மினா,
"நீ டாக்டர்தானே, இதுக்கு என்ன போடலாம்?"
இரண்டு விரலால் கண்ணுக்குக் கீழே தொட்டுக் காட்டுகிறாள்,
அடிபட்ட இடத்தைக் காட்டுகிற மாதிரி.

இங்கே டாக்டர் இல்லை நான்.
கோட்டாற்றில் ஐந்தரை வருஷம்
வாதமும் பித்தமும் மூலிகைத் தோட்டமும்;
இங்கே எட்டாவது பெல்ட்டில்
தானிய ரொட்டிக்குப் பை மாட்டுகிறவள்.
ஆனாலும் யாராவது கேட்டுவிட்டால்
வாய் சும்மா இருப்பதில்லை.

பாதாம் எண்ணெய் இரண்டு சொட்டு, மோதிர விரலால்.
அழுத்தாதே, அங்கே தோல் வெங்காயச் சருகு.
திரிபலா ஊறிய தண்ணீர், மெல்லிய துணியில் நாலு தரம் வடித்து.
குங்குமாதித் தைலம் வேண்டாம்,
விலையைப் பார்த்தாலே கண் இருட்டும்.
வெள்ளரிக்காயா?
இந்த ஜூலையில் ஒன்று நாலு டாலர். தின்றுவிடு.

ஹானுக்கு என் ஆங்கிலம் எட்டாது,
எனக்கு அவள் வியட்நாமியம்.
நடுவில் ஒரு ஸ்பூன்.
ஃப்ரீசரில் வைத்தெடுத்து
மூடிய இமைமேல் கவிழ்த்துக் காட்டினேன்.
இது நான் படித்த எதிலும் இல்லை.
யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது ஃப்ரீசரில், மீன் வறுவல் டப்பாக்களுக்குப் பின்னால்,
பன்னிரண்டு ஸ்பூன்கள்.
காம்பில் ஆளுக்கொரு நிறத்தில் நகப்பூச்சுப் பொட்டு.

க்ரெக் ஒரு ராத்திரி கதவைத் திறந்தான்.
சுவரில் தலை சாய்த்து வரிசையாய் ஆறு பெண்கள்,
வெள்ளிக் கண்களோடு.
சூப்பர்வைசருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.
"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு"
என்றாள் சினா, ஸ்பூனை எடுக்காமல்.

நான் சொல்லாத மருந்து ஒன்று உண்டு.
இரவு விழித்தவர்
விழித்த நேரத்தில் பாதியை
மறுநாள் காலை வெறும் வயிற்றில் உறங்க வேண்டும்.
வாய்மொழித் தேர்வில் இதைத்தான் கேட்டார்கள்.
திக்காமல் சொன்னேன். மதிப்பெண் போட்டார்கள்.
தூக்கம் வராத நாளே தெரியாத வயசு.

பத்திலிருந்து ஆறு, எட்டு மணி நேரம்.
பாதி நாலு.
ஆறே முக்காலுக்கு வீடு. ஏழுக்கு செல்வின் லாரி எடுக்க வேண்டும்.
சின்னவனுக்கு ஒரு காலுறை எப்போதும் காணாமல் போகும்.
எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசல்.
ஒன்பதரைக்குக் கண் மூடினால்
திரைச்சீலையின் ஓரம் வழியே சூரியன்,
பதினொன்றுக்குப் பக்கத்து வீட்டில்
இலை ஊதும் இயந்திரம்.

ஸர்மினாவிடம் இதை எப்படிச் சொல்வது?
பகலில் அவள் முதியோர் விடுதியில்
படுக்கை விரிப்புகள் துவைக்கிறாள்.
அதனால் பாதாம் எண்ணெய் என்றேன்.
ஆறு வாரத்தில் தெரியும் என்றேன்.
நம்பினாள். அதுதான் உறுத்துகிறது.

விடியாத காலை. பஸ் நிறுத்தம்.
கோட்டு முழுக்கப் புது ரொட்டி வாசம்,
பசி காதை அடைக்கிறது.
பாதி உறக்கம் எங்கே கிடைக்கும் தெரியவில்லை.
வெறும் வயிறு மட்டும்
பாடத்தில் உள்ளபடி.