திதி வெண்பாவுக்கு வெளியே

கர வருடம், ஐப்பசி, அபரபக்கத்து ஏகாதசி.
திதி வெண்பாவுக்கு இவ்வளவு போதும்.
அச்சகத்துப் பெடியன் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறான்.
ரொறன்ரோவிலிருந்து மகள்
தொப்பி வைத்த படத்தையும் பதக்கத்தின் பெயரையும்
அனுப்பியிருக்கிறாள்:
"அங்கிள், விமானப்படை எண்டது பெரிசா வரவேணும்."

வரும், பிள்ளை. அட்டையிலேயே வரும்.
கட்டுவன் எதிர்மன்னசிங்கம்,
வெள்ளைக்காரன்ர பிளேனில் வழி சொன்னவர்,
இருபத்தொரு வயதில்,
பர்மாக் காட்டுக்கு மேல், இரவில்,
ஒரு பென்சில், அடிமட்டம், சின்ன விளக்கு.
ஓட்டினது வேறு ஆள். அதையும் திருத்தமாய்ப் போடவேண்டும்;
அறுபது வருடமாய் ஊர் பிழையாய்ச் சொல்கிறது.

திரும்பி வந்தபோது கையில் ஒரு திசைகாட்டி.
அதை வேலிச் சண்டைகளுக்குப் பாவித்தார்.
ஒரு முழக் காணிக்கு மூன்று தலைமுறையாய்க்
கோட்டுக்கு நடந்த இரண்டு வீட்டாரைக்
கதியால் ஓரம் நிறுத்தி
முதலில் வடக்கு எது என்று ஒத்துக்கொள்ளச் சொன்னார்.
அதற்கே பொழுது பட்டுவிட்டது.

வெங்காயச் சங்கம் அவர் தொடங்கியது.
நான் கணக்கெழுதச் சேர்ந்தவன்.
சங்கக் கிணற்றில் எல்லாரும் அள்ளலாம் என்று
தீர்மானம் எழுதிய இரவு என் கை ஓடவில்லை.
எதிர்ப்பக்கம் இருந்தது என் சொந்த அண்ணன்.
"மேல இருந்து பார்த்தா
ஆற்ற கிணறெண்டு தெரியாது காணும். எழுதும்."
எழுதினேன்.
கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். இறைத்தார்.
மறுபடி ஊற்றினார்கள்.
மறுபடி இறைத்தார்.

பிறகு எங்கள் வானத்துக்கே பொம்மர் வந்தது.
சத்தத்தை வைத்தே சொல்லுவார்,
இது சகடை, இது ஹெலி,
இது இன்னொருக்கால் சுற்றி வரும்,
ஒருத்தரும் எழும்பாதேங்கோ.
பங்கருக்குள் முப்பது பேர்.
அவர் வாசலில் நின்று எண்ணுவார்.
மகனைப் பறிகொடுத்த தையல்நாயகி ஒருநாள் கேட்டாள்:
"நீங்களும் போட்டனீங்களோ?"
எண்ணி முடிக்கும்வரை அவர் திரும்பவில்லை.
"ஓம். நான் காட்டின இடத்திலதான் போட்டவை.
கீழ ஆர் எண்டு எனக்குத் தெரியாது."
உள்ளே வந்து குந்தினார்.
தையல்நாயகி கொஞ்சம் அரக்கி இருந்தாள்.
இடம் விட்டாளா, விலகினாளா,
இண்டைக்கும் எனக்குத் தெரியாது.
பதக்கம் அதற்குப் பிறகு வெளியே வரவில்லை.
பெட்டிக்குள் ஊசியும் நூலும் இருந்தன.

தொண்ணூறில் ஊரே எழும்பியது.
மல்லாகத்து முகாமில் மற்றவர்கள் அழுதுகொண்டிருக்க
அவர் விரலை நனைத்துக் காற்றுப் பார்த்தார்,
மலசலகூடம் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க.
கயிறு பிடித்துக் கொட்டில்களை நிரைக்கு விட்டார்.
நிவாரணக் கியூவில் கடைசியாய் நின்றார்,
சிலநாள் பருப்பு முடிந்துபோகும்.

இதுவும் கல்வெட்டில் வராது:
சமாதானம் என்று சொன்ன காலத்தில்
கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பு போனோம்.
ஓடுபாதையை நீட்டினால் அது எங்கள் வளவுகளுக்குள்ளால்தான் போகும்.
திரை போட்ட பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய்
எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே
எங்களை இறக்கினார்கள்.
அவருக்கு ஜன்னல் சீற்.
இரண்டு கண்ணிலும் பால் படர்ந்திருந்தது.
சக்கரம் நிலத்தை விட்டதும்
வாய்க்குள் எண்ணத் தொடங்கினார்,
பங்கர் வாசலில் எண்ணினமாதிரியே.
பதினொன்று, பன்னிரண்டு,
பிளேன் சரிந்தது,
பத்தொன்பதில் என் முழங்கையைப் பிடித்தார்.

"இப்ப."

நான் அவரைத் தாண்டிக் குனிந்து பார்த்தேன்.
பற்றை. கூரையில்லாத சுவர்கள்.
வெள்ளையாய் ஒன்று,
கிணற்றுக்கட்டாய் இருக்கலாம்,
மாடாகவும் இருக்கலாம்.

"கிணறு கிடக்கோ?" என்றார்.

கிடக்கு என்றேன்.