மூன்று மீட்டர்

இரயுமன்துறையில்
தடுப்புச்சுவர்க் கல்லின்மேல் நின்று
கருவியைத் தலைக்குமேல் பிடித்திருந்தேன்.
பன்னிரண்டு செயற்கைக்கோள்கள் அகப்பட்டன.
பிழை: மூன்று மீட்டர்.

என் ஒப்பந்தம் பதினொரு மாதம்.
திட்டத்தின் பெயர் இரண்டு வரி நீளம்.
பழைய படத்தின் கரை மஞ்சள்,
புதியதன் கரை சிவப்பு,
நடுவில் கிடப்பதை
மென்பொருள் தானே நீலத்தால் நிரப்பிவிடும்.

"என்ன சாரே அளக்குதீரு?"
மரிய புளோரம்மாள். இடுப்பில் மீன் சருவம்.
கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று, என்றேன்.
"கரையா வந்து? கடலில்லா வந்து."
அறிக்கையில் அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொண்டேன்.

"எனக்க அடுக்களையையும் போடும்."
கைகாட்டிய இடத்தில் அலை ஒன்று உடைந்தது.
அகலம் கேட்டேன்.
"ஒம்பதடியும் ஒரு சாணும்."
சாணை விட அவளுக்கு மனமில்லை,
அம்மி கிடந்தது அந்தச் சாணில்தான்.
கணக்குப் போட்டேன்.
சாணைச் சேர்த்தாலும்
மூன்று மீட்டருக்கு ஓரங்குலம் குறைகிறது.
கருவியின் பிழைக்குள்
அம்மியோடு அடங்கிவிட்டது அடுக்களை.

முந்தியிலிருந்து ஒரு ரசீதை எடுத்தாள்.
வீட்டுவரி. இந்த ஆண்டுக்கானது.
இல்லாத வீட்டுக்கா?
"கெட்டாட்டி பட்டா போயிருமாம்."

அரசு நிதியில் நடக்கும் ஆய்வு என்று
முகப்பில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தோம்.
அந்த நிதியில் கொஞ்சம்
மீன்செதில் ஒட்டிய இந்தத் தாளிலிருந்து
வந்திருக்க வேண்டும்.

அட்டவணையில் வகை நான்கு:
குடியிருப்பு, மணல், பாறை, நீர்.
நீர் என்று தேர்ந்தேன், வேறென்ன செய்ய.
குறிப்பு என்ற கட்டத்தில்
ஐம்பது எழுத்துக்கு இடம் இருந்தது.
"அடுக்களை. ஒன்பதடி, ஒரு சாண். வரி கட்டியது."

மறுவாரம் குழுத்தலைவரின் மின்னஞ்சல்:
குறிப்புப் பத்தியை நீக்கவும்,
வடிவத்தில் இல்லை.
சம்பளம் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லை.

வடசேரியில் ஒரு கடையில்
என் காசில் படத்தை அச்சிட்டேன்,
ஓர் ஆள் நீளத்துக்கு.
மணலில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தாள்.
"இது நம்ம ஊரா? மாதா கோயிலு எங்க?"
கோயில் அடுக்கை நாங்கள் கேட்டு வாங்கவில்லை.
பாலத்திலிருந்து எண்ணி எண்ணி வந்து
ஓரிடத்தில் விரலை வைத்தாள்.
விரலுக்கடியில் இருபது வீடு மறைந்தது.

என் பேனாவை வாங்கி
நீலத்தின்மேல் ஒரு கட்டம் போட்டாள்.
அதன் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம்.
"அம்மி" என்றாள்.

அளவுகோலின்படி
அது மாதா கோயிலைவிடப் பெரியது.