ந என்ற எழுத்து

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு மேற்கே
பதினோரு வருசமாக லாட்டரி விற்கிறேன்.
கிழக்கே விற்றால் குற்றம்,
இருபதடி தள்ளி வந்தால் தொழில்.
கூவ வேண்டிய சொல் ஒன்றே ஒன்று:
"நாளெ, நாளெ, நாளெ."

ந சொல்ல நாக்கு
மேல்பல்லின் முதுகைத் தொடவேண்டும்.
ஓர் ஆனி மாதம், தக்காளி லாரிகள் வரிசை கட்டிய நேரம்,
தொட்டது.
வலது கன்னத்துக்குள்
யாரோ கரண்டு வயரை வைத்து எடுத்தார்கள்.
இரண்டு விநாடி.
அப்புறம் ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததில்தான் எனக்குப் பயம்.

பொள்ளாச்சியில் ஒரு பல்லைப் பிடுங்கினார்கள்.
வலி போகவில்லை, பக்கத்துப் பல் என்றார்கள்.
அதுவும் போனது. மூன்றாவதை
நானே கேட்டுப் பிடுங்கிக்கொண்டேன்.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
எனக்குச் சொல் முதலில் போனது,
பல் பின்னால் போனது.

"காத்து பட்டாலே குத்துதுங்க" என்றேன்.
மலை விட்டுக்கொடுத்த சந்து வழியே
ஆடி முழுக்க வீசுகிறதே, அந்தக் காற்றைத்தான் சொன்னேன்.
வீட்டில் வேறு காத்தாக எடுத்துக்கொண்டார்கள்.
பூசாரியின் வேப்பிலை கன்னத்தில் உரசியதும்
நான் துடித்த துடிப்பைப் பார்த்து
"பாரு, எறங்குது" என்றார்.
கூட்டம் கும்பிட்டது.

வலப்பக்கம் முகம் கழுவுவதில்லை.
வலப்பக்கம் தலை சீவுவதில்லை.
கரைத்த சோற்றை இடப்பக்கமாய்ச் சாய்த்து விழுங்குவேன்.
வாய் திறக்காததற்குக் கிட்டுச்சாமி
கோபம் என்று பெயர் வைத்தார்.
பதிலுக்கு அவரும் பேசுவதை நிறுத்தினார்.
ரெண்டு வருசம் அப்படி.

சித்தூர் தாலுகா ஆசுபத்திரியில்
டாக்டர் ரெஹ்னா, என்னைவிடச் சின்னவர்,
நான் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தார்.
எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.
அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது,
அழுதால் கண்ணீர் கன்னத்தில் இறங்கும் என்று
இடப்பக்கம் சாய்ந்து அழுதேன்.
"நான் தொடலை, நீங்களே காட்டுங்க."
தோலுக்கு ஒரு விரக்கடை தள்ளி
காற்றில் கோடு போட்டுக் காட்டினேன்.
தீப்பெட்டிக்குள் வைத்திருந்த மூன்றையும் கொட்டினேன்.
ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து,
"நல்ல பல்லாயிருந்நல்லோ, சேச்சி" என்றார்.

முகத்துக்கு ஒரு நரம்பாம், மூன்று கிளையாம்.
உள்ளே ரத்தக்குழாய் ஒன்று அதில் உரசி உரசி
வயர்மேல் ரப்பர் தேய்ந்ததுபோல் ஆகியிருக்கலாமாம்.
கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரியும்.
"சரியாயிருங்களா?"
"அடக்கலாம். அடங்கலைன்னா ஆபரேஷன் இருக்கு.
திரும்ப வராதுன்னு மட்டும் சொல்லமாட்டேன்."
பரிசு விழும் என்று தினமும் சொல்கிறவளுக்கு
அந்தக் கணக்கு பிடித்திருந்தது.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துக் கேட்டார்,
"வீட்டுல யாருக்கு வலிப்பு?"
ஒரே வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது,
எனக்கு வலிப்பு என்று.
வாடிக்கையாய் வாங்கும் தேங்காய் வியாபாரி
அடுத்த குடைக்கு மாறினார்.
ராசியான கை இல்லையாம்.

முதல் மாதம் மாத்திரை தலையைக் கிறக்கியது.
ஐம்பதுக்குச் சீட்டு கொடுத்து
ஐந்நூற்றுக்குச் சில்லறை கொடுத்தேன்.
ரத்தத்தில் உப்பு குறைகிறதா என்று ஊசி குத்தினார்கள்.
குறைந்திருந்தது. மாத்திரையைக் குறைத்தார்கள்,
அது மறுபடி எட்டிப் பார்த்தது, கூட்டினார்கள்.
இப்படித்தான் போகிறது, இழுத்தும் விட்டும்.
கிட்டுச்சாமி இப்போது
பஸ்ஸில் ஜன்னலோரம் தான் உட்கார்ந்துகொள்கிறார்.
ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று ஆடி ஒன்பது.
கன்னத்தில் துண்டு சுற்றியிருக்கிறேன்.
இத்தனை மாதமும் சீட்டை ஆட்டிக் காட்டியே விற்றவள்,
கொழிஞ்சாம்பாறை பஸ் வந்து நின்றதும்
நாக்கை மெல்ல மேலே கொண்டுபோனேன்.
"ந..."
காத்திருந்தேன்.
இறங்கியவர் அவசரமாய் நோட்டை நீட்டி
"மூணு குடுங்கக்கா" என்றார்.
கொஞ்சம் பொறுங்கள் என்று
கையைக் காட்டி நிறுத்தினேன்.
இன்னும் ஓர் எழுத்து பாக்கி இருக்கிறது.